கொவ்வை இலையும் கிளினிக் கொப்பியும்

எமது வீட்டுப் பின்வேலியில் ஒரு கொவ்வைக் கொடி படர்ந்திருக்கின்றது. யாரும் நட்டதல்ல, பழம் தின்ன வரும் பறவைகள் போட்ட வித்தில் முளைத்தது. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, என் உம்மும்மா அந்தக் கொடியிலிருந்து இரண்டு கை நிறைய இலை பறித்தார். அம்மியில் அரைத்து, துணியில் பிழிந்து, ஒரு கோப்பைச் சாற்றை வெறும் வயிற்றில் குடித்தார். பக்கத்து வீட்டு மாமி சொல்லிக் கொடுத்த வைத்தியம் அது. அதற்கு முன்னரே கிளினிக்கில் கொடுத்த சீனி வருத்த மாத்திரைகளையும் போட்டிருந்தார். சாறு நன்றாக வேலை செய்யட்டும் என்று காலைச் சாப்பாட்டையும் தள்ளிப்போட்டார்.

9 மணியளவில் அவருக்கு வியர்க்கத் தொடங்கியது. கைகள் நடுங்கின. என்னை உம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சாச்சி ஓடி வந்து விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது, மீற்றரில் 52 என்று காட்டியது. குருதிக் குளுக்கோசு ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்வெல்ல நிலை என்று பாடத்தில் படித்திருந்தேன். அன்றுதான் அதனைக் கண்ணால் கண்டேன். உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுத்தோம். கால் மணித்தியாலத்தின் பின் 81. பிறகு பாண் சாப்பிட வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றோம்.

"மாத்திரையைத் தவிர வேறு ஏதாவது குடித்தீர்களா?" என்று வைத்தியர் கேட்டார். உம்மும்மா பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"டொக்டர் ஏசுவாரு மகள். அதோட, இது என்ன மருந்தா? இலைதானே."

'இலைதானே' என்ற அந்தச் சொல்தான் இக்கட்டுரைக்குக் காரணம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவியாகிய எனக்கு அதற்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்ததை எனது சகோதரிகளோடு பகிர்ந்துகொள்கின்றேன். ஏனெனில், சீனி வருத்தமுள்ள ஒருவராவது இல்லாத குடும்பம் நமது ஊர்களில் குறைவு.

நோயைப் பற்றிச் சில வார்த்தைகள்

நாம் உண்ணும் சோறு, பாண், இடியப்பம் என்பவற்றிலுள்ள மாப்பொருள் சிறுகுடலில் நொதியங்களால் உடைக்கப்பட்டுக் குளுக்கோசாகக் குருதியில் சேர்கின்றது. அப்போது சதையியிலுள்ள பீற்றா கலங்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலின் குளுக்கோசைத் தசைக்கும் ஈரலுக்கும் கொழுப்பிழையத்துக்கும் அனுப்புகின்றது. இன்சுலின் போதாமற் போனாலோ, கலங்கள் அதற்குச் சரியாகத் துலங்காமல் விட்டாலோ குளுக்கோசு குருதியிலேயே தேங்கிவிடும். இதுவே நீரிழிவு ஆகும். உணவின்றி இருக்கும்போது எடுக்கும் குருதியில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அதனை உறுதிப்படுத்திய பின்னர் நீரிழிவு எனக் கொள்கின்றனர்.

பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது இரண்டாம் வகை நீரிழிவு. இதற்கும் உடற்பருமனுக்கும் நெருங்கிய உறவு உண்டு. வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் கொழுப்பு சேரச் சேர, இன்சுலினின் பேச்சைக் கலங்கள் கேட்காமல் விடுகின்றன. தெற்காசியர்களாகிய நாம் பார்வைக்கு மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையவர்கள். ஆகவேதான் பீ.எம்.ஐ. எனப்படும் உடற்திணிவுச் சுட்டி 25 வரும்வரை காத்திராமல், ஆசியர்களுக்கு 23 இலிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் நிபுணர் குழு அறிக்கையில் கூறியது. 160 சென்ரிமீற்றர் உயரமும் 60 கிலோகிராம் நிறையும் உள்ள ஒரு தாயின் சுட்டி 23.4 ஆகும். அவரை நாம் யாரும் பருமன் என்று சொல்லமாட்டோம்.

2005, 2006 ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. நகரப் பகுதிகளில் அது 16.4 வீதம். நோயுள்ளவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல், தமக்கு அந்த நோய் இருப்பதே அந்தப் பரிசோதனை வரை தெரியாது. இந்த நோய் வலிப்பதில்லை. வலிக்காமலே கண்ணையும் சிறுநீரகத்தையும் காலின் நரம்புகளையும் அரிக்கின்றது. வலிக்காத நோய்க்கு வாழ்நாள் முழுவதும் மாத்திரை விழுங்குவது யாருக்கும் அலுப்பான காரியம்தான். வேலியில் நிற்கும் இலை அப்போது மிகவும் நெருங்கிய உறவாகத் தெரிகின்றது.

நமது சட்டியிலுள்ள இலைகள்

அந்த உறவு பொய்யானதல்ல. கொவ்வை, குறிஞ்சா, வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை என்று நமது உம்மாமார் சுண்டலும் கஞ்சியும் செய்யும் இலைகளில் சில, உண்மையாகவே குருதிக் குளுக்கோசின் மீது செல்வாக்குச் செலுத்துகின்றன. அவற்றுள் நன்கு ஆராயப்பட்ட இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன்.

முதலாவது குறிஞ்சா. இதன் தாவரவியற் பெயர் ஜிம்னிமா சில்வெஸ்ட்ரே. சிங்களத்தில் மஸ்பெத்த என்பர். இதனை நானும் என் தோழிகள் மூவரும் சோதித்துப் பார்த்தோம். ஓர் இலையை ஒரு நிமிடம் நன்றாக மென்று துப்பிவிட்டு, அரைத் தேக்கரண்டி சீனியை நாக்கில் வைத்தோம். மணலைப் போட்டதுபோல் இருந்தது. சீனி கரைகின்றது, ஆனால் இனிக்கவில்லை. உப்பை வைத்துப் பார்த்தோம். உப்பு வழமைபோலவே கரித்தது. ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் இனிப்பு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இவ்விலையிலுள்ள ஜிம்னமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு வாங்கிகளில் போய் ஒட்டிக்கொள்வதே இதற்குக் காரணம். தமிழில் இதற்குச் சர்க்கரைக்கொல்லி என்ற பெயரும் உண்டு. அந்தப் பெயர் முதலில் நாவுக்குத்தான் பொருந்துகின்றது. இனிப்புத் தெரியாமற் போனாலும் விழுங்கிய சீனி குருதிக்குப் போகவே செய்யும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

குருதியில் குறிஞ்சா என்ன செய்கின்றது? சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 22 பேருக்கு இவ்விலையின் பிரித்தெடுப்பு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் வரை கொடுக்கப்பட்டது. வழமையான மாத்திரைகளும் தொடர்ந்தன. குளுக்கோசு குறைந்தது. 5 பேர் மாத்திரையை நிறுத்துமளவுக்கு முன்னேறினர். நம்பிக்கை தரும் முடிவுதான். எனினும் 22 பேர் என்பது சிறிய தொகை. அதோடு, எவருக்கு எது கொடுக்கப்படுகின்றது என்பதை மறைத்து வைத்து, மருந்தற்ற போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வு அதுவல்ல.

இரண்டாவது எங்கள் வேலிக் கொவ்வை. இதன் பெயர் கொக்சீனியா கிரான்டிஸ், சிங்களத்தில் கோவக்கா. 2011இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்றை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் மகிழ்ச்சியும் வந்தன. ஆய்வாளர்கள் கொவ்வை இலையை நம் வீட்டில் செய்வதைப் போலவே, துருவிய தேங்காயும் உப்பும் சேர்த்து, 20 கிராம் இலை வீதம் காலை உணவோடு கொடுத்திருக்கின்றார்கள். ஆய்வில் பங்குபற்றிய 61 பேரும் நோயில்லாத தொண்டர்கள். பின்னர் குளுக்கோசைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தபோது, இலை சாப்பிட்டவர்களின் குருதிக் குளுக்கோசு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

பெங்களூரில் நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 60 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் கொவ்வைப் பிரித்தெடுப்பு, மறு குழுவுக்குப் போலி மாத்திரை. 90 நாட்களின் பின் பிரித்தெடுப்பை உட்கொண்டவர்களின் உணவுக்கு முந்திய குளுக்கோசு 16 வீதமும் உணவுக்குப் பிந்திய குளுக்கோசு 18 வீதமும் குறைந்திருந்தன. நம் நாட்டில் ருகுணைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதேபோல் போலி மாத்திரையுடன் ஒப்பிட்டு மூன்று மாத ஆய்வொன்றை நடத்தி 2021இல் வெளியிட்டனர். அதிலும் கொவ்வைக்குச் சாதகமான முடிவே கிடைத்தது.

ஆகவே, உம்மும்மாவின் பக்கத்து வீட்டு மாமி சொன்னது வெறும் கதையல்ல. கொவ்வை வேலை செய்கின்றது. பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகின்றது.

இலை வேறு, சாறு வேறு, பிரித்தெடுப்பு வேறு

ஒரே தேயிலைத் தூளில் மூன்று பேர் தேத்தண்ணி ஊற்றினால் மூன்று சுவை வரும். ஒருவர் கொதிநீரில் ஊற்றுகிறார்; ஒருவர் ஆறிய நீரில்; மற்றவர் அடுப்பில் வைத்து அவிக்கிறார். தூள் ஒன்றுதான். நீருக்குள் இறங்கிய பதார்த்தங்களின் அளவு வேறு. தாவரப் பிரித்தெடுப்பும் இதுவே. ஆய்வுகூடத்தில் இலையை உலர்த்தித் தூளாக்கி, நீரிலோ எதனோலிலோ ஊறவைத்து, வடித்து, கரைப்பானை ஆவியாக்கி எஞ்சியதை எடுக்கின்றார்கள். நீரில் கரைபவை வேறு. எதனோலில் கரைபவை வேறு. ஒரு கிராம் பிரித்தெடுப்பைப் பெறப் பல கிராம் இலை தேவைப்படும். பின்னர் அதனை நிறுத்து, ஒவ்வொரு குளிகையிலும் ஒரே அளவு இருக்கும்படி அடைக்கின்றார்கள்.

சட்டியிலுள்ள சுண்டலில் இலையோடு அதன் நார்ப்பொருளும் இருக்கின்றது. தேங்காய் இருக்கின்றது. பக்கத்தில் சோறும் இருக்கின்றது. மாப்பொருள் மெதுவாகச் சமிபாடடைய, குளுக்கோசும் மெதுவாகவே ஏறுகின்றது. இறங்குவதும் அவ்வாறே.

உம்மும்மா குடித்ததோ இந்த இரண்டிலும் சேராது. நார் துணியில் தங்கிவிட்டது. அளவு இரண்டு கை நிறைய. நிறுத்துப் பார்த்தவர் எவருமில்லை. கொழுந்திலையா முற்றலிலையா, மழைக்காலத்து இலையா வெயில்காலத்து இலையா என்பதற்கேற்பவும் உள்ளிருக்கும் பதார்த்தம் மாறும். அத்தோடு அவரது மாத்திரைகளில் ஒன்று கிளிக்கிளசைட். அது சதையியை இன்சுலின் சுரக்கத் தூண்டுவது. சாப்பிடாமல் இருந்தாலும் தூண்டிக்கொண்டே இருக்கும். ஆகவே அதனை உணவோடு எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

அன்று குளுக்கோசு 52 ஆக இறங்கியதற்குச் சாறுதான் காரணமா, சாப்பிடாமல் மாத்திரை போட்டதுதான் காரணமா, இரண்டுமா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டால் விளைவுக்கு எது காரணம் என்று கூற இயலாது என்பது ஆய்வுகூடத்தில் முதல் நாளே கற்றுத்தரப்படுகின்றது. வீட்டில் நாம் அதனை நினைப்பதில்லை.

ஓர் இலை மாத்திரையான கதை

இலைக்கும் மாத்திரைக்கும் பகை இருப்பதாகப் பலர் எண்ணுகின்றார்கள். ஆனால் உம்மும்மா தினமும் விழுங்கும் மற்றொரு மாத்திரையான மெட்போமினின் கதையே ஒரு செடியில்தான் தொடங்குகின்றது. ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட அச்செடியின் பெயர் காலேகா ஒஃபிசினாலிஸ். அவரை இனத்தைச் சேர்ந்தது. ஊதா நிறத்தில் பூக்கும். இதில் குவானிடீன் வகையைச் சேர்ந்த காலேஜின் எனும் பதார்த்தம் உண்டு. குவானிடீன் விலங்குகளில் குருதிக் குளுக்கோசைக் குறைக்கின்றது என்று 1918இல் கண்டறியப்பட்டது. 1920களில் காலேஜினை நோயாளர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். குளுக்கோசு குறைந்தது. ஆனால் நஞ்சாகவும் இருந்தது. இச்செடியை மேய்ந்து ஆடுகள் இறந்ததும் உண்டு.

இதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் நஞ்சுத்தன்மை குறைந்த மெட்போமின் 1922இல் டப்ளின் நகரில் முதன்முதலாகத் தொகுக்கப்பட்டது. அப்போது அதனை எவரும் நீரிழிவு மருந்தாகக் கருதவில்லை. பிரெஞ்சு வைத்தியர் ஜோன் ஸ்டேர்ன் அதனை நோயாளர்களுக்குக் கொடுத்துப் பெற்ற முடிவுகளை வெளியிட்டது 1957இல். அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது 1994இல். இன்று உலகில் மிக அதிகமாகக் கொடுக்கப்படும் நீரிழிவு மாத்திரைகளுள் அது முன்னிற்கின்றது. ஈரல் தேவைக்கதிகமாகக் குளுக்கோசை வெளியிடுவதை அது குறைக்கின்றது.

நமது நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொத்தல ஹிம்புட்டு மரத்தில் கடைந்த கோப்பையில் இரவில் நீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். இங்கு பயன்படுவது இலையல்ல, தண்டும் வேரும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களில் அதிலிருந்து இரு பதார்த்தங்களைப் பிரித்தெடுத்தார்கள். ஒன்று சலசினோல். மற்றதற்கு நம் நாட்டுப் பெயரைத் தழுவி கொத்தலனோல் என்று பெயரிட்டார்கள். மாப்பொருளை உடைக்கும் சிறுகுடல் நொதியங்களை இவை தடுக்கின்றன. 2005இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்றில் 51 நீரிழிவு நோயாளர்களுக்கு இதன் தேநீர் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன் தெரிந்தது.

காலேகா செடியைப் பழித்து மெட்போமின் வரவில்லை. அந்த இலை சொன்னதை அளந்து, அதன் நஞ்சை விலக்கி, மீண்டும் மீண்டும் சோதித்த பின்னரே வந்தது. 1918இலிருந்து 1957 வரை எண்ணிப் பாருங்கள், 39 ஆண்டுகள்.

மெலிவதற்கான இலைகள்

இனி நம் வயதினருக்கு நெருக்கமான விடயத்துக்கு வருகின்றேன். உம்மும்மாமார் சீனிக்காக இலைச்சாறு குடிக்க, நம்மில் சிலர் மெலிவதற்காக 'மூலிகைத் தேநீர்' குடிக்கின்றார்கள். கைத்தொலைபேசியில் வரும் விளம்பரத்தைப் பார்த்து, வீட்டாருக்குத் தெரியாமல் காசு சேர்த்து வாங்குகின்றார்கள். கலியாண வீட்டுக்கு முன் பத்து நாளில் ஐந்து கிலோ குறையும் என்று அதில் எழுதியிருக்கும்.

இவ்வாறான தேநீர் பலவற்றில் சேர்க்கப்படுவது ஸனா இலை. நமது வீடுகளில் மலச்சிக்கலுக்குப் பயன்படுத்தும் ஸனா மக்கிதான் அது. அதிலுள்ள சென்னோசைட்டுகள் பெருங்குடலில் வேலை செய்கின்றன. உணவின் சக்தியோ அதற்கு முன்னரே சிறுகுடலில் அகத்துறிஞ்சப்பட்டு முடிந்துவிடும். ஆகவே ஸனாவால் வெளியேறுவது கொழுப்பல்ல. நீரும் பொற்றாசியம் முதலிய உப்புகளும். தராசில் நிறை குறையும். தண்ணீர் குடித்ததும் திரும்பி வரும். நாட்கணக்கில் தொடர்ந்தால் இதயத் துடிப்பு வரை பாதிக்கக்கூடும்.

பச்சைத் தேயிலையைப் பற்றியும் பெரிதாகப் பேசுகின்றார்கள். அதைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பரிசீலித்த 2012ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, அதனால் ஏற்படும் நிறைக் குறைவு மிகச் சிறியது, உடல்நலத்துக்குப் பொருட்படுத்தத்தக்கதல்ல என்றே கூறியது. மீன் கறிக்கு நாம் போடும் கொறுக்காயின் இனத்தைச் சேர்ந்த கார்சீனியாவிலிருந்து எடுத்த பிரித்தெடுப்பை 1998இல் அமெரிக்காவில் 135 பேரைக் கொண்டு 12 வாரங்கள் சோதித்தார்கள். ஆய்வுகூடத்தில் கொழுப்பு உருவாவதைத் தடுத்த அதே பதார்த்தம், மனிதரில் போலி மாத்திரையைவிட அதிகமாக நிறையைக் குறைக்கவில்லை.

பலனில்லாமற் போவது மட்டுமே ஆபத்தன்று. தமிழகத்தில் தவசிக்கீரை என்று அழைக்கப்படும் சோரோபஸ் அன்ட்ரோஜைனஸ் எனும் செடி உண்டு. மலேசியாவில் அதனை வதக்கிக் கறியாக்கிச் சாப்பிடுவது காலங்காலமான வழக்கம். 1990களின் நடுப்பகுதியில் தாய்வானில், இவ்விலையைச் சமைக்காமல் பச்சையாக அரைத்துப் பழச்சாறு கலந்து குடித்தால் உடல் மெலியும் என்ற செய்தி பரவியது. பெண்கள் பலர் வாரக்கணக்கில் குடித்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. சுவாசப்பையின் நுண்ணிய குழாய்கள் நிரந்தரமாக அடைபட்டுப் போயின. சிலர் இறந்தார்கள். சிலருக்குச் சுவாசப்பை மாற்றுச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. சட்டியில் வதங்கிய இலைக்கும் கோப்பையில் பச்சையாக நின்ற இலைக்கும் இடையில் அவ்வளவு தூரம் இருந்திருக்கின்றது. 'இலைதானே' என்று சொல்லத் தோன்றும்போதெல்லாம் எனக்குத் தாய்வான் நினைவுக்கு வருகின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதய ஆபத்துக் காரணமாக 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபுட்ரமின் எனும் மருந்து, 'முற்றிலும் மூலிகை' என்று விற்கப்பட்ட மெலிவுப் பொருட்களில் இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்தது பலமுறை பிடிபட்டிருக்கின்றது. அவ்வாறான பொருளைக் குடித்து யாராவது விரைவாக மெலிந்தால், அது இலையின் வேலைதானா என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். அத்தோடு, வளரும் வயதினராகிய நமக்குப் பெரியவர்களின் 23 என்ற எல்லை பொருந்தாது. நமக்கென வயதுக்கேற்ற தனி அட்டவணை உண்டு. கண்ணாடியையும் தோழியின் வாயையும் வைத்துப் பருமனை முடிவு செய்யக் கூடாது.

இப்னு சீனா கேட்ட நிபந்தனைகள்

மருந்தைச் சோதிப்பது மேற்கு நாட்டார் கண்டுபிடித்த புதிய வழக்கம் என்று நம்மில் சிலர் நினைக்கின்றோம். 11ஆம் நூற்றாண்டில் இப்னு சீனா எழுதிய 'அல்கானூன்' எனும் மருத்துவ நூலின் இரண்டாம் பாகம் தனி மருந்துகளைப் பற்றியது. அதில் ஒரு மருந்தின் குணத்தை அனுபவத்தால் அறிவதற்கு ஏழு நிபந்தனைகளை அவர் விதித்திருக்கின்றார். அவற்றில் சிலவற்றை என் சொற்களில் தருகின்றேன். மருந்து கலப்பில்லாததாக இருக்க வேண்டும். பல நோய்கள் கலந்த உடலில் அன்றி, ஒரே நோயில் அதனைச் சோதிக்க வேண்டும். அது வேலை செய்ய எடுக்கும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஒருமுறை நடந்ததை நம்பாமல், எப்போதும் அல்லது பெரும்பாலும் அதே விளைவு வருகின்றதா என்று பார்க்க வேண்டும். சோதனை மனித உடலில் நடக்க வேண்டும். சிங்கத்திலோ குதிரையிலோ கண்டது மனிதருக்குப் பொருந்தாமற் போகலாம்.

இந்த நிபந்தனைகளை வைத்துக்கொண்டு இன்றைய செய்திகளை வாசித்துப் பாருங்கள். 'இந்த இலை நீரிழிவைக் குணப்படுத்துகின்றது' என்ற தலைப்பின் கீழ் பெரும்பாலும் எலிகளில் நடந்த ஆய்வே இருக்கும். 'எனக்குச் சுகமானது' என்று ஒருவர் சொன்னால் அது ஒருமுறை நடந்தது. அவர் அதே மாதத்தில் நடக்கவும் தொடங்கியிருப்பார்; சீனியையும் விட்டிருப்பார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் ஒருவர் கேட்ட கேள்விகளைக் கேட்பது நமது பாரம்பரியத்தை விட்டு விலகுவதாகாது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

முதலாவது, இலையை உணவாக உண்போம். கொவ்வைச் சுண்டல், குறிஞ்சாச் சுண்டல், இலைக்கஞ்சி என்பவற்றைச் சோற்றின் அளவைக் குறைத்து, வழமையான அளவில் உண்பதில் பெரும்பாலானோருக்கு நன்மையே உண்டு. சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு மட்டும் கீரையிலுள்ள பொற்றாசியம் பாதகமாகலாம். அவர்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, சாறாகவோ குளிகையாகவோ எடுப்பதென்றால் அதனை மருந்தாகவே கருத வேண்டும். குறிஞ்சாக் குளிகையால் ஈரல் பாதிக்கப்பட்ட நிகழ்வும் வைத்திய இதழ்களில் பதிவாகியுள்ளது. கர்ப்பிணித் தாய்மார் தாமாக எதையும் எடுக்கக் கூடாது.

மூன்றாவது, இலையை நம்பிக் கிளினிக் மாத்திரையையோ இன்சுலினையோ ஒருபோதும் தாமாக நிறுத்தக் கூடாது. மேலே சொன்ன ஆய்வுகள் எவையும் அப்படி நிறுத்தச் சொல்லவில்லை. குறைப்பதானாலும் பரிசோதித்துப் பார்த்து வைத்தியரே குறைக்க வேண்டும்.

நான்காவது, நோன்பு காலத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. ஸஹருக்கு இலைச்சாறு குடித்துவிட்டுப் பகல் முழுவதும் நோன்பிருப்பது தாழ்வெல்ல நிலைக்கு வழியாகும். நோன்புக்குச் சில வாரங்கள் முன்னரே வைத்தியரைக் கண்டு மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். விரலில் குத்திப் பரிசோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் பலரின் கருத்து. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருப்பதையும் நம் மூத்தவர்களுக்கு அன்போடு நினைவூட்ட வேண்டும்.

ஐந்தாவது, வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணித்தியாலத்தில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஆறாவது, எதைக் குடித்தாலும் கிளினிக் கொப்பியில் எழுத வேண்டும். இது மிகச் சிறிய காரியம். ஆனால் உம்மும்மாவின் விடயத்தில் தவறிப்போனது இதுதான்.

அடுத்த கிளினிக் நாளுக்கு நானும் உம்மும்மாவோடு போனேன். முதல் நாள் இரவே அவரது கொப்பியில் எழுதி வைத்திருந்தேன்: 'கொவ்வை இலைச் சாறு, வெறும் வயிற்றில், ஒரு கோப்பை, ஒரு நாள். அன்று குளுக்கோசு 52.' வைத்தியர் அதனை இரண்டு முறை வாசித்தார். உம்மும்மா தலையைக் குனிந்துகொண்டார். வைத்தியர் ஏசவில்லை.

"எவ்வளவு இலை எடுத்தீங்க உம்மா?" என்று கேட்டார்.

உம்மும்மா சற்று யோசித்துவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்துக் காட்டினார். வைத்தியர் சிரித்தார். பிறகு, மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுமாறும், சாற்றை விட்டுவிடுமாறும், விரும்பினால் வாரத்தில் இரண்டு நாள் சுண்டலாகச் சாப்பிடுமாறும் சொல்லி, அதனையும் கொப்பியில் எழுதிக் கொடுத்தார்.

கொவ்வைக் கொடி இன்னும் வேலியில் நிற்கின்றது. இப்போது உம்மும்மா ஒரு கைப்பிடி மட்டுமே பறிக்கிறார். தேங்காய் துருவுவது என் வேலை. பக்கத்து வீட்டு மாமிக்கும் ஒரு கிண்ணம் போகின்றது. போன வாரம் அதை வாங்கிக்கொண்ட மாமி, தனது கிளினிக் கொப்பியை என்னிடம் நீட்டினார். "எனக்கும் எழுதித் தா மகள்" என்றார். அவர் ஆறு மாதமாகக் குடித்து வரும் சாறுகளின் பெயர்களை எழுதி முடிக்க ஒரு பக்கம் போதவில்லை.